வினைமுற்று வரும்வரை

பெரியம்மாவுக்கு 74 வயது. பெரியப்பா போனபிறகு குடும்ப ஓய்வூதியத்தில்தான் வண்டி ஓடுகிறது. எட்டாவது வரை படித்தவர். காலையில் செய்தித்தாள் வந்தால் முதல் பக்கத்தில் ஆரம்பித்து வரி விளம்பரம் வரை விடாமல் படித்து முடிப்பார். அப்படிப்பட்டவர் சில வருடங்களுக்கு முன் ஒரு மே மாத மத்தியானத்தில், கையில் ஒரு கடிதத்தோடு வந்து நின்று, "எனக்குப் பணத்த நிறுத்திட்டாங்களாடா?" என்று கேட்டார். கடிதம் கையில் ஆடிக்கொண்டிருந்தது.

அது ஒரு அலுவலகத்திலிருந்து வந்த அறிவிப்பு. பொருள், பார்வை எல்லாம் போக, விஷயம் என்று இருந்தது ஒரே வாக்கியம். ஏறக்குறைய இப்படி:

"மேற்காண் பொருள் தொடர்பாக, இவ்வலுவலகத்தின் வாயிலாக ஓய்வூதியம் மற்றும் குடும்ப ஓய்வூதியம் பெற்றுவரும் அனைவரும் ஆண்டுதோறும் மேற்கொள்ளப்பட வேண்டிய நேர்காணலுக்கு உரிய ஆவணங்களுடன் ஜூன் மாத இறுதிக்குள் நேரில் வருகைபுரிந்து தங்களது இருப்பினை உறுதிசெய்திடத் தவறும்பட்சத்தில் அடுத்துவரும் மாதம் முதல் ஓய்வூதியம் நிறுத்திவைக்கப்படும் என்பது இதன்மூலம் தெரிவித்துக்கொள்ளப்படுகிறது."

34 சொற்கள். பெரியம்மா மூன்று தடவை படித்திருக்கிறார். மனதில் தங்கியது "ஓய்வூதியம் நிறுத்திவைக்கப்படும்" என்ற இரண்டு சொல் மட்டும்தான்.

பதற்றத்தில் தப்பாகப் படித்துவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். எனக்குச் செய்தி ஏட்டில் டெஸ்க் வேலை. மற்றவர்கள் எழுதிய மேட்டரைப் பிரித்துச் சேர்ப்பதுதான் பிழைப்பு. அன்று ராத்திரி அந்தக் காகிதத்தையும் அதே மாதிரி பேனாவால் பிரித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, தப்பு அவருடையது அல்ல. "வாருங்கள்" என்று அந்த வாக்கியம் எந்த இடத்திலும் சொல்லவே இல்லை! "அனைவரும்" என்று ஆரம்பிக்கிற எழுவாய்க்கு முடிக்கிற வினை கிடையாது. "வருகைபுரிந்து" எச்சம். "உறுதிசெய்திட" அதுவும் எச்சம். "தவறும்பட்சத்தில்" நிபந்தனை. முற்றுப்பெற்று நிற்பவை இரண்டே இரண்டு: "நிறுத்திவைக்கப்படும்", "தெரிவித்துக்கொள்ளப்படுகிறது". பெரியம்மா முற்றுப்பெற்ற வினையைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார். தமிழை ஒழுங்காகப் படிக்கிற யாரும் அப்படித்தான் படிப்பார்கள்.

தெளிவாக எழுதுவது பற்றி நான் சொல்ல விரும்புவது இதைச் சுற்றித்தான். தமிழில் வாக்கியத்தின் எடை அதன் கடைசியில் இருக்கிறது. வினைமுற்றில் எதை வைக்கிறோமோ, அதைத்தான் படிக்கிறவர் வீட்டுக்கு எடுத்துப்போகிறார். அதுவரை வருவதையெல்லாம் அவர் தலையில் சுமந்துகொண்டு நிற்கிறார். "எளிமையாக எழுது", "சின்னச் சின்ன வாக்கியமாக எழுது" என்று பொதுவாகச் சொல்லும் அறிவுரை பாதி தூரம்தான் கொண்டுபோகும். எதை எங்கே இறக்கிவைப்பது என்று தெரிந்தால்தான் மீதித் தூரம்.

சுமையும் இறக்கமும்

ஆங்கிலம் போன்ற மொழிகளில் வினை எழுவாயை ஒட்டி வந்துவிடும். யார், என்ன செய்தார் என்பது முதலிலேயே தெரிந்துவிடுவதால் பின்னால் எத்தனை விவரம் வந்தாலும் மாட்டிவைக்க ஓர் ஆணி கிடைத்துவிடுகிறது. தமிழிலும் ஜப்பானியம், துருக்கியம் போன்ற மொழிகளிலும் வினை கடைசியில் வரும். அடைமொழிகள் பெயருக்கு முன்னால் வந்து உட்காரும். இது குறை ஒன்றும் இல்லை. கடைசிவரை கேட்பவரைக் காத்திருக்க வைத்து ஒரே சொல்லில் திருப்பிப்போடும் அழகு இந்த அமைப்பில்தான் இருக்கிறது. ஆனால் அறிவிப்பு எழுதும்போது, செய்தி எழுதும்போது, மருந்தைப் பற்றி எழுதும்போது அந்த அழகு ஆளைத் தூக்கிப் போட்டுவிடும்.

எதிர்மறையைப் பாருங்கள். "கடந்த ஆண்டு விண்ணப்பித்து, அசல் சான்றிதழ்களைச் சமர்ப்பித்து, ஒப்புகைச் சீட்டு பெற்றுக்கொண்ட மாணவர்கள் இந்த ஆண்டு மீண்டும் விண்ணப்பிக்கத் தேவையில்லை." கடைசிச் சொல் வரும்வரை படிப்பவர் எதிர்த்திசையில் ஓடிக்கொண்டிருக்கிறார். சான்றிதழைத் தேடக்கூட எழுந்துவிட்டார். "யார் மீண்டும் விண்ணப்பிக்க வேண்டாம்?" என்று முதலில் கேட்டுவிட்டு, அப்புறம் விவரத்தைச் சொன்னால் திசை முதலிலேயே தெரிந்துவிடும்.

நீளமே குற்றம் என்றும் நினைக்கவேண்டாம். இந்த இரண்டையும் சத்தமாகப் படித்துப் பாருங்கள்.

"விடியக்காலையில் எழுந்து, மாட்டைப் பிடித்துக் கட்டி, பாலைக் கறந்து, சொசைட்டியில் ஊற்றிவிட்டு, வருகிற வழியிலேயே டீயைக் குடித்து, நேராக வயலுக்குப் போனார்."

"நேற்றிரவு பெய்த மழையில் இடிந்த சுவரின் அடியில் சிக்கிய ஆட்டை மீட்ட இளைஞரைப் பாராட்டினார்கள்."

முதலாவதுதான் நீளம். ஆனால் மூச்சு வாங்கவில்லை. ஆள் ஒருவர். வேலைகள் நடந்த வரிசையிலேயே வருகின்றன. ஒவ்வொரு வினையெச்சத்திலும் ஒரு வேலை முடிந்துவிடுவதால், அதைக் கீழே வைத்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம். நம் பாட்டிமார் கதை சொன்னது இந்த நடையில்தான். இரண்டாவது சின்னதுதான், ஆனால் பெயரெச்சங்கள் ஒன்றுக்குள் ஒன்று செருகியிருக்கின்றன. மழையைப் பற்றியா, சுவரைப் பற்றியா, ஆட்டைப் பற்றியா என்று மாறி மாறி நினைத்து, கடைசியில் பார்த்தால் இளைஞரைப் பற்றி. "நேற்றிரவு மழையில் ஒரு சுவர் இடிந்தது. அடியில் ஓர் ஆடு சிக்கிக்கொண்டது. அதை மீட்ட இளைஞரை ஊரே பாராட்டுகிறது" என்று எழுதினால் சொற்கள் கூடத்தான் செய்கின்றன. இருந்தாலும் படிப்பவர் ஒவ்வொரு படியிலும் காலை ஊன்றி ஏறுகிறார்.

டெஸ்கில் நான் அதிகம் பிரித்துப்போடுவது இந்தப் பெயரெச்ச அடுக்குகளைத்தான். அவை அர்த்தத்தையே மாற்றிவிடுவதும் உண்டு. "நேற்று கைது செய்யப்பட்டவரின் தம்பி தப்பி ஓடினார்." நேற்று கைதா, நேற்று ஓட்டமா? எழுதிய நிருபருக்குச் சந்தேகமே வராது, அவர் சம்பவ இடத்தில் இருந்தவர். தனக்குத் தெரிந்ததைப் படிப்பவருக்கும் தெரிந்ததாக நினைத்துக்கொள்வதுதான் குழப்பமான எழுத்தில் பாதிக்குக் காரணம்.

இதற்குத் தமிழிலேயே அருமையான ஒரு கருவி இருக்கிறது. அதை நான் கற்றது பழைய கிரயப் பத்திரங்களில். பத்திர நடை என்றாலே முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஆனால் எழுதிக்கொடுப்பவர் யார், வாங்குபவர் யார் என்று சொல்லிவந்த பத்திர எழுத்தர், சரியான இடத்தில் ஒரு சொல் போடுவார்: "என்னவென்றால்". அங்கே சுமை இறங்கிவிடும். அதுவரை வந்தது முகவரி, இனிமேல் வருவது விஷயம் என்று படிப்பவருக்குத் தெரிந்துவிடும். முக்காற்புள்ளி (:) அச்சில் வருவதற்கு முன்பே நம் நாக்கில் இருந்த முக்காற்புள்ளி அது. திண்ணையில் பேசும்போது "விஷயம் என்னன்னா" என்று தொடங்குகிறோமே, அதேதான். "காரணம் என்னவென்றால்", "எப்படியென்றால்", "அதாவது" எல்லாம் இந்தக் குடும்பம். எழுதும்போது மட்டும் ஏனோ இவை கௌரவக் குறைச்சல் என்று நினைத்து விட்டுவிடுகிறோம்.

வெறும் வினைகள்

"தெரிவித்துக்கொள்ளப்படுகிறது." எழுத்தெண்ணிப் பாருங்கள், 15 எழுத்து. வாக்கியத்திலேயே விலை மதிப்புள்ள இடத்தில் அது உட்கார்ந்திருக்கிறது. அந்த இடத்துக்குக் கொடுக்கும் வாடகை? ஒன்றுமில்லை. கடிதம் எழுதியாயிற்று, கையில் வந்து சேர்ந்தாயிற்று, தெரிவிக்கிறார்கள் என்பது தெரியாதா?

1956இல் தமிழ்நாட்டில் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. கோப்புகள் தமிழுக்கு வர வேண்டும் என்ற அந்த முயற்சி பெரிய முயற்சி. கலைச்சொற்களை உருவாக்க உழைத்தவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் சொற்கள் தமிழாயினவே தவிர, வாக்கியம் பல இடங்களில் பழைய ஆங்கிலக் கோப்பின் வாக்கியமாகவே தங்கிவிட்டது. யார் செய்கிறார் என்று சொல்லாமல் ஒதுங்கிக்கொள்ளும் செயப்பாட்டு வினை, பேச்சுத் தமிழில் மிகக் குறைவு. "சோறு என்னால் உண்ணப்பட்டது" என்று எந்த வீட்டிலும் யாரும் சொல்வதில்லை. அலுவலகத் தமிழிலோ அதுவே விதி. "கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்", "அறிவுறுத்தப்படுகிறார்கள்", "நடவடிக்கை மேற்கொள்ளப்படும்." யார் கேட்டுக்கொள்கிறார்? யார் நடவடிக்கை எடுப்பார்? எதையாவது கேட்க வேண்டுமென்றால் எந்த மேசைக்குப் போவது? "படு" என்ற ஒரே துணைவினைக்குள் மேசையும் ஆளும் மறைந்துவிடுகிறார்கள்.

எங்கள் பத்திரிகைத் தொழிலுக்கும் இதே வியாதி உண்டு. நல்ல வினையை உடைத்துப் பெயராக்கி, பக்கத்தில் ஒரு பொம்மை வினையை நிறுத்துவோம். பார்த்தார்கள் என்பது "பார்வையிடும் பணியை மேற்கொண்டனர்" ஆகும். சாலை போட்டார்கள் என்பது "சாலை அமைக்கும் பணி நடைபெற்றது" ஆகும். ஒரு பக்கச் செய்தியில் எத்தனை வாக்கியம் "நடைபெற்றது", "மேற்கொள்ளப்பட்டது", "தெரிவித்தனர்" என்ற மூன்றில் முடிகிறது என்று ஒருநாள் வட்டம் போட்டுப் பாருங்கள். வட்டம் நிறைய விழுந்தால், அந்தப் பக்கத்தைப் படித்துமுடித்தபின் எதுவும் நினைவில் நிற்காது. வாசகருக்குப் பொறுமை இல்லை என்று நாம் குறைசொல்வோம். பாவம், அவர் வீட்டுக்கு எடுத்துப்போக நாம் ஒன்றுமே கொடுக்கவில்லை.

இந்த மண்ணில் இதற்கு எதிர்த்திசையிலும் ஆட்கள் நடந்திருக்கிறார்கள். மாயூரத்தில் முனிசீப்பாக, அதாவது சிவில் நீதிபதியாக, இருந்த வேதநாயகம் பிள்ளை, 1805 முதல் 1861 வரை ஆங்கிலத்தில் இருந்த நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் திரட்டித் தந்தார். 1879இல் வெளிவந்த நம் முதல் நாவலை எழுதியவரும் அவரே. வழக்காடுகிறவனுக்கே தன் தீர்ப்பு புரியவில்லை என்பது அவரை உறுத்தியிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறேன். 1942இல் மதுரையில் தினத்தந்தியைத் தொடங்கிய சி.பா. ஆதித்தனார், எழுத்துக்கூட்டிப் படிப்பவரை வாசகராக நினைத்து நடையை அமைத்தார். டீக்கடையில் ஒருவர் படிக்க நான்கு பேர் கேட்பார்கள் என்றால், செருகல் அடுக்குக்கு அங்கே இடம் கிடையாது. காதில் ஒருமுறை விழுந்துபோவதைத் திரும்பிப் பார்க்க முடியாதே. இன்றும் நான் ஒரு மேட்டர் சரியாக இருக்கிறதா என்று பார்க்க அதைச் சத்தமாகப் படிக்கிறேன். மூச்சு முட்டுகிற இடத்தில் பேனா வைத்தால் பெரும்பாலும் அங்கேதான் கோளாறு இருக்கும்.

கண்ணுக்கும் ஓர் உபகாரம்

ஓலைச்சுவடியில் சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடைவெளி கிடையாது, நிறுத்தக்குறி கிடையாது, மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளியும் கிடையாது. பக்கத்தில் ஆசிரியர் இருந்தார், அதனால் சரிப்பட்டது. அச்சு வந்து, படிப்பவர் தனியாக உட்கார்ந்து படிக்க ஆரம்பித்ததும் ஆசிரியர் செய்த வேலையைக் காகிதமே செய்யவேண்டி வந்தது. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் தம் உரைநடையில் நிறுத்தக்குறிகளை முறையாகக் கையாண்டது அதனால்தான் பெரிய விஷயம். 1950களில் மர்ரே எஸ். ராஜம் பழைய இலக்கியங்களைச் சந்தி பிரித்து மலிவு விலையில் அச்சிட்டார். அது என்ன மாற்றத்தைச் செய்தது என்று இந்தக் குறளில் பார்க்கலாம்:

"பலசொல்லக் காமுறுவர் மன்றமா சற்ற
சிலசொல்லல் தேற்றா தவர்."

யாப்புக்காகச் சீர் பிரித்த வடிவம் இது. "மன்றமா" என்று படித்துத் திகைக்காதவர் குறைவு. "மன்ற மாசு அற்ற சில சொல்லல் தேற்றாதவர்" என்று பிரித்துவிட்டால், குற்றமில்லாத சில சொற்களால் சொல்லத் தெரியாதவர்களே பல சொற்கள் பேச ஆசைப்படுவார்கள் என்று அப்படியே விளங்குகிறது. ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. சந்தியைப் பிரித்து இடைவெளி விட்டது மட்டும்தான். இன்று நாம் "இவ்வலுவலகத்தின்" என்று சேர்த்து எழுதும்போது அந்த உபகாரத்தைத் திருப்பிப் பிடுங்கிக்கொள்கிறோம். "இந்த அலுவலகத்தின்" என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்?

குன்றவும் கூடாது

13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலின் பாயிரத்தில், ஒரு நூலுக்கு வரக்கூடாத பத்துக் குற்றமும் இருக்கவேண்டிய பத்து அழகும் சொல்லப்படுகின்றன. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியதோடு விட்டுவிட்டோம். என்னைக் கேட்டால் அதைவிட நல்ல டெஸ்க் கையேடு கிடையாது. "மற்றொன்று விரித்தல்" என்கிறார், எடுத்ததை விட்டுவிட்டு வேறொன்றை விரித்துக்கொண்டு போவது. "வெற்றெனத் தொடுத்தல்", பொருளில்லாமல் சொல்லை அடுக்குவது. "மயங்க வைத்தல்", இதுவா அதுவா என்று தடுமாற வைப்பது. எனக்கு மிகவும் பிடித்தது "சென்று தேய்ந்து இறுதல்". ஜோராக ஆரம்பித்து, போகப்போகத் தேய்ந்து, கடைசியில் ஒன்றுமில்லாமல் போவது. எத்தனை கட்டுரைகளில் பார்த்துவிட்டோம்!

அழகுகளின் வரிசையில் முதலில் வருவது "சுருங்கச் சொல்லல்". உடனே அடுத்தது "விளங்க வைத்தல்". இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது எதேச்சையாக எனக்குத் தோன்றவில்லை, ஏனென்றால் இரண்டும் ஒன்றை ஒன்று இழுக்கும். குற்றங்களின் வரிசையிலும் முதலில் வருவது "குன்றக் கூறல்", அதாவது சொல்லவேண்டியதைக் குறைத்துச் சொல்வது. "மிகைபடக் கூறல்" அதற்கு அப்புறம்தான் வருகிறது. சுருக்கினாலே தெளிவு வந்துவிடும் என்று நம்பும் இந்தக் காலத்துக்கு அந்த வரிசை ரொம்ப முக்கியம்.

மருந்துச் சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். "1-0-1" என்று எழுதுகிறார் மருத்துவர். மூன்றே எண், அதைவிடச் சுருக்க முடியாது. மருந்துக் கடையில் நிற்கும் அண்ணன் அதை அப்படியே தருவதில்லை. அட்டையைக் கத்தரித்து, கவரில் போட்டு, "காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, சாப்பிட்டப்புறம்" என்று வாயால் சொல்லி, கவரிலும் எழுதுகிறார். சுருக்கத்தைத் திரும்ப விரித்துத் தருகிறார். அதுதான் விளங்க வைத்தல். விரிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு மெத்தோட்ரெக்ஸேட் என்ற மாத்திரை ஓர் உதாரணம். முடக்குவாதம் போன்ற நோய்களுக்குக் கொடுக்கும்போது அதை வாரம் ஒருமுறைதான் சாப்பிட வேண்டும். தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. இந்தத் தவறு பல நாடுகளில் திரும்பத் திரும்ப நடந்து, 2019இல் ஐரோப்பிய மருந்து முகமை இதைத் தடுக்கவென்றே தனியாகச் சில நடவடிக்கைகளைப் பரிந்துரைத்தது. "வாரம் ஒருமுறை" என்பதோடு நிறுத்தாமல் கிழமையையும் சேர்த்து எழுதச் சொல்வது நல்ல வழக்கம். "ஞாயிற்றுக்கிழமை மட்டும்" என்று எழுதிவிட்டால் கணக்குப் போட வேண்டியதில்லை, காலண்டரைப் பார்த்தால் போதும். கூடுதலாக ஒரு சொல்தான். அந்த ஒரு சொல் வீட்டில் இருப்பவருக்கும் பிடிபடுகிறது. திங்கட்கிழமை அந்த மாத்திரையை எடுத்தால் கையைப் பிடித்து நிறுத்திவிடுவார்கள்.

எந்தச் சொல்லைப் போடுவது என்பதில் எனக்குத் தனித்தமிழ்ச் சண்டையும் இல்லை, ஆங்கில மோகமும் இல்லை. பேருந்து, வங்கி, மின்னஞ்சல் எல்லாம் வேர் பிடித்துவிட்டன, சந்தோஷம். காப்பியைக் குளம்பி என்று எழுதினால் படிப்பவர் ஒரு விநாடி நிற்பார், அந்த ஒரு விநாடியில் விஷயம் கைநழுவும். கிராமக் கணக்குகளைச் சரிபார்க்கத் தாலுகா அலுவலகத்தில் வருடா வருடம் நடக்கும் ஜமாபந்தியை "வருவாய்த் தீர்வாயம்" என்று மட்டும் அச்சடித்தால், மனுவோடு வரவேண்டிய விவசாயிக்கு அது தனக்கான நாள் என்று தெரியாது. சில அறிவிப்புகளில் இரண்டையும் போடுகிறார்கள். அது சரியான வழி. பட்டா, சிட்டா, தாசில்தார் எல்லாம் எங்கிருந்தோ வந்த சொற்கள்தான். ஆனால் கையெழுத்துப் போடத் தெரியாதவருக்கும் அவை தெரியும். மனு கொடுக்கும் ஜன்னலில் நின்று அவர் எந்தச் சொல்லைச் சொல்வாரோ, அந்தச் சொல்லே போதும்.

பிடித்துவைப்பது எப்படி

புரிந்தால் மட்டும் போதுமா, கடைசிவரை படிக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். இதற்கும் நம் உரையாசிரியர்கள் ஆயிரம் வருடத்துக்கு முன்பே ஒரு வழி கண்டிருக்கிறார்கள். இறையனார் களவியல் உரை போன்ற பழைய உரைகளைத் திறந்தால், ஒரு கருத்தைச் சொன்னதும் உடனே "என்னை?" என்று ஒரு கேள்வி வரும். அப்படிச் சொன்னால் இது பொருந்தாதே என்று எதிரில் இருக்கும் மாணவன் கேட்பதுபோலக் கேட்டு, அதற்குப் பதில் சொல்லி நகர்வார்கள். அந்தக் கேள்வி படிப்பவர் மனதில் எழுகிற அதே விநாடியில் வருவதுதான் விசேஷம். ஒரு வரி முன்னால் வந்தால் அநாவசியம், ஒரு வரி பின்னால் வந்தால் அதற்குள் அவர் மனசு வேறெங்கோ போயிருக்கும்.

சுவாரஸ்யம் என்று தனியாக ஒன்றைக் கொண்டுவந்து தூவத் தேவையில்லை என்று நான் நம்புவது இதனால்தான். பரபரப்பான முதல் வரி, பாதியில் ஒரு சிரிப்பு, இதெல்லாம் கொஞ்ச நேரம் இழுக்கும். ஆனால் குடிநீர்க் கட்டணம் உயர்கிறது என்ற செய்தியைப் படிக்கிறவர் மனதில் ஓடும் கேள்வி ஒன்றே ஒன்று: எனக்கு எவ்வளவு கூடும்? இரண்டாம் வரியில் அதற்குப் பதில் இருந்தால் மூன்றாம் வரிக்கு வருவார். எந்தத் தேதியிலிருந்து, யாருக்கு விலக்கு, ஏன் இப்போது என்று அவர் கேள்விகள் அவர் வரிசையில் வரும். கூட்டத்துக்கு யார் தலைமை தாங்கினார், யார் முன்னிலை வகித்தார் என்று நாம் ஆரம்பித்தால் அது நம் வரிசை. அவர் அங்கேயே பக்கத்தைப் புரட்டிவிடுவார்.

நன்னூல் சொல்லும் பத்து அழகில் கடைசி, "விளங்கு உதாரணத்தது ஆகுதல்". அதையும் விடக்கூடாது. நூறு யூனிட் என்று சொல்லிவிட்டு, இரண்டு மின்விசிறியும் ஒரு குளிர்பதனப் பெட்டியும் இருக்கும் வீடு என்று ஒரு வரி சேர்த்தால், படிப்பவர் தன் வீட்டைச் சுற்றிப் பார்க்கிறார். அதுவரை அவர் வாசகர், இப்போது கணக்குப் போடும் ஆள்.

பெரியம்மாவின் கடிதத்துக்கு வருகிறேன். அன்று ராத்திரி அந்த 34 சொல்லை நான் ஒரு காகிதத்தில் பெரிய எழுத்தில் நாலு வரியாக மாற்றி எழுதினேன்.

"உங்கள் ஓய்வூதியம் வந்துகொண்டுதான் இருக்கிறது.
ஜூன் 30க்குள் அலுவலகத்துக்கு ஒருமுறை நேரில் வாருங்கள்.
வந்தால் எப்போதும்போல் பணம் வரும்.
வராவிட்டால் ஜூலை முதல் நிறுத்திவைப்பார்கள்."

பயம் எதுவோ அதற்கு முதலில் பதில், அப்புறம் செய்யவேண்டியது, கடைசியில்தான் எச்சரிக்கை. நாலு வரிக்கும் வினை தெளிவாக முடிகிறது. காலையில் கொடுத்ததும் படித்துவிட்டுச் சிரித்தார். எனக்கு நிம்மதி. மறுவாரம் தனியாகவே பஸ் ஏறிப் போய், மத்தியான வெயிலில் திரும்பி வந்தார். வேலை முடியவில்லை. ஓய்வூதியப் புத்தகம், பேங்க் பாஸ்புக், ஆதார் எதையும் அவர் எடுத்துப்போகவில்லை. அசல் கடிதத்தில் "உரிய ஆவணங்களுடன்" என்று இருந்தது, எந்தெந்த ஆவணம் என்று இல்லை. நான் எழுதிய நாலு வரியில் அதுவும் இல்லை. வாக்கியம் அழகாக வந்த சந்தோஷத்தில் அதை விட்டுவிட்டேன். குன்றக் கூறல்.

அன்றே விசாரித்து ஐந்தாவது வரியை எழுதினேன்: "கையில் கொண்டுபோக வேண்டியவை: ஓய்வூதியப் புத்தகம், பேங்க் பாஸ்புக், ஆதார் அட்டை. மூன்றுக்கும் ஒரு ஜெராக்ஸ்." மறுநாள் போன காரியம் முடிந்துவிட்டது. அந்தக் காகிதம் இப்போதும் அவர் வீட்டுத் தினசரிக் காலண்டருக்குப் பின்னால் ஆணியில் மாட்டியிருக்கிறது. போன வருடம் எதிர்வீட்டு அக்கா அதே மாதிரிக் கடிதத்தோடு கலங்கிப்போய் வந்தபோது, பெரியம்மா அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லையாம். காலண்டரைத் தூக்கி, பின்னால் இருந்த தாளை எடுத்து நீட்டி, "மொதல்ல இதப் படி. பணம் வரும், பயப்படாத. ஆனா ஜெராக்ஸ மட்டும் மறந்துடாத" என்றாராம்.